கம்பியில்லாச் சங்கும் அதற்கு வேண்டிய கம்பிகளும்

மலைநாட்டுத் தமிழருக்குச் சங்கு என்பது கோயிலில் ஊதுவது மட்டுமன்று. தேயிலைத் தொழிற்சாலையில் ஊதுவதும் சங்கே. கோயமுத்தூர்ப் பஞ்சாலைச் சங்கின் ஒலி கேட்டு நேரம் அறிந்த பெரியோரும் பாலக்காட்டு எல்லையில் நம்மிடையே உளர். அந்தப் பெருஞ்சங்கின் பேரப்பிள்ளை இப்போது கையடக்கமான பெட்டியாய் வீடுகளுக்குள் வந்துவிட்டது. கதவில் பதித்த சிறு காந்தம் விலகியதும், அயலார் விழிக்கும்படி அலறுவது அதன் தொழில். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகும் குடும்பங்கள் இதனை விரும்புவது இயல்பே. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மூணாறிலிருந்தும் அன்பர் சிலர் இதுபற்றி நம்மை வினவினர். இரண்டொரு வீடுகளில் நாமும் உடனிருந்து பொருத்திப் பார்த்தோம். அங்குக் கண்டவற்றையே எழுதுகிறோம்.

முதலில் பெயரால் வரும் மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். ‘கம்பியில்லாச் சங்கு’ என்றதும் கம்பியே வேண்டாவென்று பலர் எண்ணுகின்றனர். கதவிலிருந்து சங்குக்குப் போகும் செய்திதான் கம்பியின்றி வானொலி அலையாய்ப் போகிறது. சங்கு அலறுவதற்கு வேண்டிய மின்சாரம் வானத்திலிருந்து வருவதில்லை. மின்கலத்தாலேயே இயங்கும் சிறு சங்குகள் உண்டு. அவற்றைச் சுவரில் முடுக்கினால் போதும். ஆனால் கலம் தீர்ந்த நாளில் அவை வெறும் பெட்டிகள். சற்று உரத்து ஊதுபவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குவன. அவற்றுக்கு வீட்டு மின்சாரமும் வேண்டும், அது போனால் கைகொடுக்க மின்கலமும் வேண்டும். கடைக்காரர் முன்னதைத் தந்து பின்னதை மறந்துவிடுவதுண்டு. வாங்குபவரும், “மின்சாரம் எப்போதோ ஒருநாள்தானே போகிறது?” என்று விட்டுவிடுகிறார்.

அந்த ஒருநாள் எத்தகையது என்பதை மூணாற்று மக்களுக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. இறந்தோரில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சரிவு நேர்ந்தது இரவு பத்தே முக்கால் மணியளவில். செய்தி வெளியுலகை எட்ட மறுநாள் காலை ஆயிற்று. பெருமழையால் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஒரு சங்கு இருந்திருந்தால் மலை சரியாமல் நின்றிருக்குமென்று நாம் கூறவில்லை. உதவி மிகவும் வேண்டிய அந்த இரவில் ஊர்க்கம்பியை நம்பியிருந்த யாவும் ஒருசேர ஊமையாயின என்பதையே கூறுகிறோம். கள்வனுக்காக வைக்கும் சங்கானாலும் அது அத்தகைய இரவைத் தாங்குவதாய் இருக்கவேண்டும். இருட்டையும் மழையையும் கள்வனும் விரும்புகிறான் அல்லவா?

ஆகவே மின்கலத்தின் கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய ஈயமின்கலம் எங்கும் கிடைக்கிறது. சும்மா காத்திருக்கும்போது சங்கும் அதன் ஏற்பியும் 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 350 மணி நேரம், அஃதாவது பதினான்கு நாட்களுக்கு மேல் அது தாங்கும். இது ஏட்டுக்கணக்கு, பழைய கலத்தில் பாதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இராது. மற்றொன்று: 12 வோல்ட்டு அடாப்டரை நேரே மாட்டி 12 வோல்ட்டுக் கலத்தை நிரப்ப இயலாது. அதற்கு 13.5 முதல் 13.8 வோல்ட்டுவரை சீராகத் தரும் மின்னேற்றி வேண்டும். இதனை அறியாமல் மாட்டி, கலம் கெட்டதென்று கடைக்காரரோடு வழக்காடியவரும் உண்டு. கலத்தின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு சிறு ஃபியூஸ் இருப்பது அவசியம். கம்பிகள் உராய்ந்து ஒன்றையொன்று தொட்டால், அச்சிறு கலமே தீ மூட்டப் போதுமானது.

கம்பியின் பருமனிலும் சிக்கனம் கூடாது. மின்கலத்துக்கும் சங்குக்கும் இடையே பத்து மீட்டர் என்று கொள்வோம். 0.2 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடினால் போகவர 1.75 வோல்ட்டு வழியிலேயே கரைந்துவிடும், 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அரை வோல்ட்டும் கரையாது. சங்கின் குரல் கம்மினால் முதலில் கம்பியைப் பார்க்கவேண்டும்.

இனி நம் லயங்களுக்கே உரிய ஒரு தொல்லை: தகரக் கூரை. ஒரு வீட்டில் உரிய இடமென்று நாமே காட்டி, இறவாணத்துக்கு மேலே கூரைத் தகரத்தின் மறுபுறம் சங்கை வைத்தோம். கையில் பிடித்துச் சோதித்தபோது ஒழுங்காய் ஊதிய சங்கு, மேலேறியதும் வாய் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் கம்பிகளை அவிழ்த்துப் பூட்டி வியர்த்தபின், அவ்வீட்டுப் பையன், “மாமா, தகரம் மறைக்குதோ?” என்றான். அதுவே காரணம். உலோகத் தகடு வானொலி அலையைத் தடுக்கும். சங்கை இறவாணத்தின் கீழே, தகரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிச் செங்கற்சுவரில் மாற்றியதும் ஊதிற்று. பையனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம்.

தகரம் செய்யும் இன்னொரு தீங்கை ஆடி மழையில்தான் அறியலாம். ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபல் ஊதும் சங்கு, தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் இழக்கிறது. இருபது மீட்டரில் 84 ஆகிவிடும். வெட்டவெளியில் அது பேரொலிதான். தகரத்தின்மேல் மழை அறையும்போது வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கு அது எட்டுமா என்பது ஐயமே. ஆதலின் வெளியே ஒன்று, நம்பிக்கையான அயல்வீட்டுக்குள் ஒன்று என இரண்டு சங்குகளை ஒரே ஏற்பாட்டில் இணைப்பது நன்று. இங்கேதான் கம்பியில்லா முறையின் பெருமை விளங்குகிறது. வீட்டுக்கு வீடு கம்பி இழுக்க வேண்டுவதில்லை. பெட்டியின் ‘கற்றல்’ பொத்தானை அழுத்திக் கதவுக் காந்தத்தை ஒருமுறை விலக்கினால், சங்கு தன் எசமானை அறிந்துகொள்ளும்.

வெளிச்சுவரில் துளையிடும்போது உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாக இடுக. கம்பி துளைக்குள் நுழையுமுன் கீழே ஒரு சாண் தொங்கி மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சித்திரை இடியில் நீண்ட கம்பிகள் ஆபத்தானவை. ஆகையால் கம்பி குறுகியிருப்பதே நலம். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பெட்டியாயின் அதன் அலைவரிசையைப் பார்த்து வாங்குக. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த ஆற்றலில் உரிமமின்றி இயக்கலாம். எல்லா நாட்டுப் பெட்டிகளும் அதற்குள் அடங்கா.

சங்கு எவ்வளவு நேரம் ஊதவேண்டும்? மூன்று நிமிடம் போதும். பூட்டிய வீட்டில் விடியுமட்டும் அலறும் சங்கை மறுமுறை எவரும் பொருட்படுத்தார். மேலும், கேரள அரசு 2025 சனவரி 21-ஆம் தேதி ‘கவசம்’ என்னும் பேரிடர் எச்சரிக்கை ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தது. அதில் மாநிலத்தின் பல இடங்களில் பெருஞ்சங்குகளும் மின்னும் விளக்குகளும் நிறுவப்பட்டுள்ளன. அந்த ஒலியையும் வீட்டுச் சங்கின் ஒலியையும் லயத்தார் பிரித்தறிய வேண்டும். ஒன்றைக் கேட்டால் மேட்டுக்கு ஓடவேண்டும். மற்றதைக் கேட்டால் பூட்டிய வீட்டை நோக்கி ஓடவேண்டும். திசை மாறிவிட்டால் கேடு. பெண்டிரையும் பிள்ளைகளையும் கூட்டி இரண்டு ஓசையையும் கேட்பித்துவிடுவது நல்லது.

மாதம் ஒருமுறை அயலாருக்குச் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துச் சங்கை ஊதச்செய்து பார்க்கவேண்டும். வெளிச்சத்தில் ஊதுவதைச் சோதனையாகக் கொள்ள முடியாது. சென்ற மாதம் எல்லையோரத்து வீடொன்றில் சுவிட்சை அணைத்ததும் சங்கும் உடன் அணைந்தது. கலத்தைத் திருப்பிப் பார்த்தோம்; அதன்மேல் ஒட்டியிருந்த தேதி ஐந்து ஆண்டுகளுக்கு முந்தியது. புதிய கலம் வாங்கி வர அன்று மாலையே பாலக்காட்டுக்கு ஆள் அனுப்பினர்.