உதைபந்தாட்டக் கழகம் யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்திலே உதைபந்தாட்டப் பருவம் ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கி மே மாதத்தில் முடிவடைகின்றது. ஆனால் உதைபந்தாட்டம் பற்றிய பேச்சுக்குப் பருவம் என ஒன்றில்லை. ஆட்டமே நடைபெறாத ஜூன், ஜூலை மாதங்களிலேதான் அது உச்சநிலையை அடைகின்றது எனலாம். எந்த ஆட்டக்காரர் எந்தக் கழகத்தை விட்டு நீங்குகிறார், அவருக்காகக் கைமாறும் பணம் எவ்வளவு என்பனவே அப்போது தேநீர்ச்சாலைகளிலும் புகையிரதங்களிலும் பேச்சாக இருக்கும்.

2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆந் திகதி அத்தகைய பேச்சொன்று வட இலண்டனிலே பெரும் பூசலாக மூண்டது. ஆர்சனல் கழகத்தின் அணித்தலைவரும் முன்வரிசை ஆட்டக்காரருமான றொபின் வான் பேர்சி, தமது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என அன்று அறிவித்தார். ஒல்லாந்து நாட்டவரான அவர் எட்டு ஆண்டுகள் அக்கழகத்தில் ஆடியவர். அதற்கு முந்திய பருவத்தில் லீக் போட்டிகளில் மாத்திரம் 30 கோல்கள் போட்டவர். கழகம் இனிச் செல்லவேண்டிய பாதை குறித்து நிர்வாகத்தினருடன் தமக்குக் கருத்து வேற்றுமை உண்டென்பதே அவர் கூறிய காரணம்.

அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு எஞ்சியிருந்தது. அவ்வாறாயின் கழகம் அவரைப் போகவிடாது வைத்திருக்கலாகாதா என நேயர்கள் வினவலாம். இதற்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். முற்காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரின் பதிவைக் கழகம் தன் கையில் வைத்துக்கொண்டு, அவர் வேறெங்கும் ஆடாதவாறு தடுக்க முடிந்தது. அடகுக் கடையில் இருக்கும் நகையின் நிலையே ஆட்டக்காரரின் நிலையாக இருந்தது. 1960இல் ஜோர்ஜ் ஈஸ்ற்றம் என்பவர் நியூகாசில் கழகத்தை விட்டு விலக விரும்பினார். கழகம் இணங்கவில்லை. அவரோ ஆட்டத்தையே நிறுத்திவிட்டுத் தக்கை விற்கும் தொழிலுக்குப் போய்விட்டார்! ஈற்றில் கழகம் இணங்கிற்று. அவர் சென்று சேர்ந்ததும் இதே ஆர்சனல் கழகத்திலேதான். எனினும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. ஆட்டக்காரரைத் தடுத்து வைக்கும் அம்முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடையாகும் என 1963இல் நீதியரசர் வில்பர்போஸ் தீர்ப்பளித்தார். பின்னர் 1995இல், பெல்சிய நாட்டவரான பொஸ்மன் என்பவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிகளான ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்ததும் மாற்றுக் கட்டணம் எதுவுமின்றி வேறோர் உறுப்பு நாட்டுக் கழகத்துக்குச் செல்லலாம் என்றாயிற்று.

ஆகவே 2012இல் ஆர்சனல் கழகத்தின் முன் இருந்த கணக்கு எளிதானது. அவரை உடனே விற்றால் பணம் வரும். ஓராண்டு பொறுத்தால் அவர் வெறுங்கையுடன் விட்டுப் போவார். அதே ஆகஸ்ட் மாதத்தில் ஏறக்குறைய 2 கோடியே 40 இலட்சம் பவுணுக்கு அவர் மஞ்செஸ்ரர் யுனைற்றட் கழகத்துக்கு விற்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 29. முன்வரிசை ஆட்டக்காரருக்கு இது முதிர்ந்த பருவம்.

ஆனால் இரசிகர்கள் கணக்கப்பிள்ளைகள் அல்லர். வான் பேர்சி பல பருவங்கள் காயமுற்றுக் கிடந்தபோது கழகம் அவரைத் தாங்கி நின்றது. உடல்நலத்தோடு ஆடிய முதற் பருவம் முடிந்ததுமே பரம எதிரியிடம் போய்விட்டாரே என ஒரு சாரார் கொதித்தனர். 2005ஆம் ஆண்டின் பின்னர் ஒரு கிண்ணத்தையேனும் வெல்லாத கழகத்தில், ஆடும் ஆண்டுகள் சிலவே எஞ்சியுள்ள ஒருவர் ஏன் காத்திருத்தல் வேண்டும் என்றனர் வேறு சிலர். இவ்விரு சாராரும் விவாதித்து ஈற்றில் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: கழகத்தின் சொந்தக்காரர் யார்? அவருக்கு வேண்டியது வெற்றியா, ஆதாயமா?

1886இல் இலண்டனின் வூல்விச் பகுதியில் இருந்த அரச ஆயுதச்சாலையின் தொழிலாளர் தொடங்கிய கழகம் இது. 1893இல் அது பங்குக் கம்பனியாக மாறியபோது பங்கு வாங்கியோரிற் பெரும்பாலோர் உடலுழைப்பாளரே. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்து, 2006இல், சுமார் 60,000 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கு பெருங்கடன் பெற்றுக் கட்டப்பட்டது. அதன்பின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக விற்கப்பட்டனர். 2011இல் அமெரிக்கச் செல்வரான ஸ்ரான் குறோங்கி பங்குகளிற் பெரும்பான்மையைத் தமதாக்கிக்கொண்டார். ஏறக்குறைய 30 வீதப் பங்கு உஸ்பெக்கிஸ்தானிற் பிறந்த செல்வரான அலிசேர் உஸ்மனோவிடம் இருந்தது. ஆயினும் பணிப்பாளர் சபையில் அவருக்கு இடம் அளிக்கப்படவில்லை.

வான் பேர்சியின் அறிவித்தல் வெளிவந்த மறுநாளே உஸ்மனோவின் பகிரங்கக் கடிதமும் வெளிவந்தது. அரங்கின் கடன்சுமையைப் பங்குதாரர் ஏற்காமையாலேயே நல்ல ஆட்டக்காரரை இழக்க நேர்கின்றது என்பது அதன் சாரம். பல இரசிகர்கள் அதனை வரவேற்றனர். ஒரு செல்வரின் பிடியிலிருந்து விடுபட மற்றொரு செல்வரை நாடுவது நரியைத் துரத்த ஓநாயை அழைப்பது போன்றதன்றோ என எண்ணியோரும் இருந்தனர். அவர்கள் எண்ணம் பிழையென்று சொல்வதற்கில்லை.

வேடிக்கை யாதெனில், வான் பேர்சி சென்று சேர்ந்த மஞ்செஸ்ரர் யுனைற்றட் கழகமும் அமெரிக்கர் கையிலேயே இருந்தது. 2005இல் கிளேசர் குடும்பத்தினர் கடன் பெற்று அக்கழகத்தை வாங்கி, அக்கடனிற் பெரும்பகுதியைக் கழகத்தின் மீதே சுமத்தினர். மனமுடைந்த இரசிகர் சிலர் விலகிச் சென்று, உறுப்பினர்களே சொந்தக்காரரான புதிய கழகமொன்றைத் தொடங்கினர். 2010இல் அரங்கில் இருந்தோர், பழைய நிறங்களான பச்சையும் பொன்னிறமும் கொண்ட கழுத்துச் சால்வைகளை அணிந்து எதிர்ப்புக் காட்டினர். வட இலண்டனார் பொறாமையுடன் நோக்கிய வீட்டின் உள்ளேயும் பூசலே நிலவிற்று.

ஆட்டத்திலோ வான் பேர்சி தம் எண்ணத்தை நிறைவேற்றிக்கொண்டார். அவர் 20ஆம் இலக்கச் சட்டையை அணிந்தார். கழகம் தன் 20ஆவது லீக் பட்டத்தை வென்றது. பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் மூன்று கோல்களையும் போட்டவர் அவரே. ஆறு நாட்களின் பின், 2013 ஏப்ரல் 28இல், பழைய அரங்குக்கு வந்தார். வழக்கப்படி ஆர்சனல் ஆட்டக்காரர் இரு வரிசையாக நின்று வெற்றி அணியைக் கைதட்டி வரவேற்க, சுற்றியிருந்தோரிற் பலர் ஏளனக் குரல் எழுப்பினர். அன்றும் அவர் ஒரு கோல் போட்டார்; ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அதன்பின் காயங்கள் மீண்டன. 2015இல் அவர் துருக்கிக்குச் சென்றுவிட்டார். விற்றவர்களும் முற்றாகத் தவறவில்லை என்று சொல்ல இடமுண்டு.

ஜேர்மனியில் 1998 முதல் வேறு முறை உண்டு. கழகம் கம்பனியாக மாறினாலும், ஒருசில விலக்குகள் நீங்கலாக, வாக்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை கழக உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் அத்தகைய விதி எதுவும் ஏற்படவில்லை. ஆர்சனல் இரசிகரிற் சிலர் 2010இல் தாமே ஒரு வழி கண்டனர்: சிறுதொகை செலுத்தும் ஒருவர் ஒரு பங்கின் சிறு கூறுக்கு உரியவராகும் திட்டம் அது. ஆதாயம் கருதி அவர்கள் சேரவில்லை. ஆண்டுக் கூட்டத்திலே கணக்கை நோக்கவும், பணிப்பாளரை நேருக்கு நேர் வினவவுமே அவ்வுரிமையை நாடினர்.

2018 ஆகஸ்ட் மாதத்தில் உஸ்மனோவ் தம் பங்குகளை 55 கோடி பவுணுக்குக் குறோங்கியிடம் விற்க இசைந்தார். தொண்ணூறு வீதத்துக்கு மேற்பட்ட பங்கு ஒருவர் கைக்கு வந்துவிட்டால், எஞ்சியோரும் தம் பங்குகளை அவருக்கே விற்றாக வேண்டுமென்பது ஆங்கிலக் கம்பனிச் சட்டம். விற்க விரும்பாத சிறு பங்குதாரருக்குப் பங்கொன்றுக்கு ஏறத்தாழ 29,000 பவுண் வீதம் கொடுபட்டது. பணம் குறைவன்று. ஆயினும் தந்தையர் வாங்கி வைத்த பத்திரங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தோருக்கு அவை அன்றிலிருந்து வெறும் படங்களாயின. சிறு பங்குதாரர் எழுந்து வினா எழுப்பிய ஆண்டுக் கூட்டமும் அத்துடன் நின்றது. 2021 ஏப்ரலில், ஐரோப்பியப் பெருங்கழகங்கள் தமக்கெனத் தனி லீக் அமைக்க முயன்றபோது, ஆர்சனல் இரசிகர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அவர்கள் கூடியது அரங்கின் வெளிவாயிலில்.