வீட்டில் பாடம் செய்த விலங்குகள்: தூசும் ஒவ்வாமையும்

உங்கள் வீட்டுச் சுவரில் பாடம் செய்த மான் தலையோ பறவையோ உள்ளதா? அதன் உரோமத்திலும் இறகிலும் தூசும் தூசிப்பூச்சிகளும் சேரும். சிங்கப்பூரின் ஈரமான காற்றில் பூஞ்சணமும் எளிதில் பிடிக்கும்.

இவற்றால் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, இருமல் ஏற்படலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு வரலாம்.

பழைய பொருள் என்றால்

1980களுக்கு முன் பாடம் செய்தவற்றில், பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் என்ற நஞ்சைப் பூசியிருக்கலாம். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அது போகாது. தட்டினால் தூசோடு பறக்கும். எனவே:

• நீங்களே தூசு தட்டாதீர்கள்.
• பேரப்பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.
• கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், அல்லது பாடம் செய்யும் நிபுணரைக் கேளுங்கள்.

புதியது என்றால்

• ஆஸ்துமா, ஒவ்வாமை இல்லாத ஒருவர் சுத்தம் செய்யட்டும்.
• கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். சன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள்.
• நன்கு பிழிந்த மெல்லிய துணியால், உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே துடையுங்கள். நனைக்காதீர்கள்.
• முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இரண்டையும் நினைவில் வையுங்கள்

• படுக்கையறையில் வைக்காதீர்கள்.
• அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும்.

தும்மலோ இருமலோ நீடித்தால் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். வீட்டில் இப்பொருள் இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.