பவளப் பார்களை மூடுதல் முறையா?

கடலுக்குக் கதவு இல்லை. ஆயினும் கடலின் சில பகுதிகளை மனிதர் நுழையாதபடி அரசு மூடிவைக்கும் வழக்கம் நம் காலத்தில் வளர்ந்து வருகிறது. 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்து அரசு, ஏழு கடல் தேசியப் பூங்காக்களில், பயணிகள் மூழ்கிப் பவளங்களைக் கண்டு மகிழ்ந்த 18 இடங்களை மூடியது. அதற்கு முந்தைய ஆண்டு கடல் நீர் அளவுக்கு மீறி வெப்பமுற்றுப் பவளங்கள் வெளுத்துப்போயிருந்தன. வெளுப்பைச் செய்தது வெப்பம். அப்படியிருக்கப் பயணியைத் தடுப்பதும், அவனை அழைத்துச்செல்லும் படகுக்காரனின் பிழைப்பைக் கெடுப்பதும் எவ்வாறு நீதியாகும்? இவ்வினாவை இன்று சிறிது ஆராய்வோம்.

பவளம் பார்வைக்குக் கல். உண்மையில் அது உயிர்களின் கூட்டம். மிகச் சிறிய உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, கதிரவன் ஒளியால் உணவு சமைத்து ஊட்டுகின்றன. பவளத்துக்கு நிறம் தருவனவும் பெரும்பாலும் அவையே. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தினும் ஒரு டிகிரி மிகுந்து, அது சில வாரங்கள் நீடித்தால் பாசிகள் வெளியேறிவிடும். வெளுத்த பவளம் இறந்த பவளம் அன்று. பட்டினி கிடக்கும் பவளம். வெப்பம் தணிந்தால் பாசிகள் திரும்பக்கூடும். அந்த இடைக்காலத்தில் மூழ்குவோன் காலில் மாட்டிய துடுப்பின் உதை, அவன் கிளப்பிய மணல், படகு இறக்கிய நங்கூரம் இவற்றுள் எதையும் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. காய்ச்சலில் கிடப்பவன் அறையில் கூட்டம் கூடாது என்று மருத்துவர் கூறுவது, காய்ச்சலைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் என்பதனால் அன்றே! ஆகவே வெளுப்புற்ற காலத்தில் மூடியது முறையே என்பது என் கருத்து.

நிற்க. மூடுதல் என்பது நமக்குப் புதியதன்று. தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்களை ஆண்டுதோறும் திறந்துவிட்டதில்லை. சிப்பிகளை எடுத்துச் சோதித்து, முத்து முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிக்க இசைவு தருவர். இன்றேல் பார் மூடியே கிடக்கும். அங்கே 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. பின்னர் நடைபெறவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓய்வு பெற்றும் சிப்பிகள் பழையபடி பெருகவில்லை என்பதை, பூட்டு ஒன்றே போதும் என்று கருதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே மன்னார் வளைகுடாவில், பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றையும் சூழ்ந்த கடலையும் 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினர். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டிப் படகு படகாகக் கொண்டுபோயினர். அரணாக நின்ற பார் குறையவே, அலை கரையைத் தின்றது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருள் மறைந்தன. 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பின்னரே இத்தொழில் ஒடுங்கியது. கையால் வரும் கேட்டைச் சட்டம் தடுத்தது. ஆனால் 2016-இல் வெப்பம் வந்தபோது சட்டம் என்ன செய்யும்? அவ்வாண்டில் உயிர்ப்பவளம் பரவியிருந்த அளவு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாகச் சுருங்கியது.

எத்தனை காலம் மூடுவது என்பது அடுத்த வினா. நான் வாழும் தொண்டூர் செஞ்சியை அடுத்தது. கடல் எங்களுக்குத் தொலைவு. எங்கள் ஊர்க் குன்றில் சமண முனிவர்க்கென வெட்டிய கற்படுக்கைகளும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. அப்பாறையில் ஒருவன் தன் பெயரைக் கீறிவிட்டால் அது ஒருநாளும் ஆறாது. ஆதலால் கல்லுக்கு எந்நாளும் காவல் வேண்டும். பவளம் ஆறும், மெல்ல ஆறும். கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில விரற்கடை வளரும். திரண்ட பவளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஒரு பருவம் மூடிவிட்டு மறு பருவம் திறப்பது, பயணிகள் வரும் காலத்தைப் பார்த்து வகுத்த கணக்கேயன்றிப் பவளத்தின் கணக்கு அன்று.

தாய்லாந்தின் மாயா விரிகுடா இதற்குச் சான்று. ஒரு திரைப்படத்தால் பெயர் பெற்ற அச்சிறு விரிகுடாவில் ஒரே நாளில் ஐயாயிரம் பேர் வரையிலும் வந்து குவிந்தனர். 2018 ஜூனில் சில மாதங்களுக்கென்று மூடினர். மூடிப் பார்த்தபின் அக்காலம் போதாதெனக் கண்டு 2022 ஜனவரியில்தான் திறந்தனர். இடையில் பவளக் கன்றுகளை நட்டனர். கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. திறந்த பின்னரும் படகுகளை உள்ளே விடவில்லை. வருவோர் தொகைக்கும் வரம்பு வைத்தனர்.

பயணிக்கு வேறு கடல் உண்டு. அங்கேயே வாழ்பவர்க்கு இல்லை. இராமநாதபுரக் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்துப் பிழைக்கும் பெண்கள், விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்குபவர்கள். அவர்கள் தாயும் பாட்டியும் பாசி எடுத்த தீவுகள் பூங்காவின் எல்லைக்குள் அடங்கிவிட்டன. பாசி தழைக்கும் பருவத்தில் 45 நாள் கடலில் இறங்குவதில்லை என்றும், மற்ற மாதங்களில் 12 நாளே பறிப்பது என்றும் அவர்கள் தாமே முறை வகுத்துக்கொண்டுள்ளனர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் அரசு உதவித்தொகை தருகிறது. பவளத்துக்காக ஒரு பாரை மூடும்போதும், எல்லைக்கோடு வரையுமுன் இப்பெண்களை அழைத்து, எந்த மாதம், எந்தப் பார், எத்தனை ஆண்டு என்று கேட்டறிதல் வேண்டும். அப்பார்களின் மேடு பள்ளங்களைத் தம் கால்களால் அறிந்தவர்கள் அவர்களே.