இலவமரமும் பதிவுச் சட்டமும்

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய பின், கடமலைக்குண்டிலிருந்து மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்குச் செல்லும் பிரயாணி, இலைகளை உதிர்த்துவிட்டுக் காய்களை மாத்திரம் சுமந்து நிற்கும் இலவமரங்களை வழிநெடுகக் காண்பார். அவற்றின் பஞ்சு போடி நகரத்து மெத்தைக் கடைகளுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, பல சமயம் காய் பிஞ்சாக இருக்கும்போதே, சில சமயம் பூக்கூட அரும்பாத காலத்திலேயே, தோப்பு குத்தகையாகக் கைமாறிவிடுகிறது. முத்திரைத்தாளில் ஒருவர் எழுத, இருவர் சாட்சிக் கையொப்பமிட, ஐந்து வருஷத்துக் குத்தகைப் பணம் மொத்தமாக எண்ணிக் கொடுக்கப்பட்டதும், "பத்திரம் எழுதியாயிற்று" என்ற நிம்மதியோடு இரு தரப்பாரும் வீடு திரும்புகின்றனர்.

அந்த நிம்மதிக்குச் சட்டத்தில் ஆதாரம் சொற்பம். முத்திரைத்தாள் என்பது சர்க்காருக்குச் செலுத்தும் வரியின் அடையாளமேயன்றி வேறில்லை. சார்பதிவாளர் முன்னிலையில் உரியவர்கள் ஆஜராகி, சாசனத்தை ஒப்புக்கொண்டு, அது அவருடைய புத்தகத்தில் ஏறுவதுதான் பதிவு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்துவிட்டதாக நினைப்பது நம் நாட்டுப்புறங்களில் மிகவும் பரவியிருக்கும் மயக்கம்.

சொத்தை ஸ்தாவரம் என்றும் ஜங்கமம் என்றும் பகுப்பது பழைய வழக்கு. நிலமும் வீடும் ஸ்தாவரம். மாடும் நகையும் தானியமும் ஜங்கமம். இந்தப் பாகுபாட்டின் கோடு இலவமரத்தின் நடுவே ஓடுகிறது என்பதுதான் விசித்திரம். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம், மரத்திலிருக்கும் கனியையும், மரத்திலூறும் சாற்றையும், வயலில் நிற்கும் பயிரையும் ஜங்கமம் என்கிறது. ஆனால் நிலத்திலிருந்து உண்டாகக்கூடிய பலன்களை ஸ்தாவரத்தோடு சேர்க்கிறது. ஆகவே இப்போது கண்ணெதிரே தொங்கும் நெற்றை மட்டும் விலைபேசி, இந்தப் பருவத்திலேயே பறித்துக்கொண்டு போகிறவர் வாங்குவது ஜங்கமப் பொருள். அதற்குப் பதிவு வேண்டியதில்லை. ஐந்து வருஷம் தோப்புக்குள் சென்று, மரத்தைப் பராமரித்து, இன்னும் பிறக்காத காய்களையும் பறிக்கும் உரிமையை வாங்குகிறவரோ, தம்மை அறியாமலேயே ஸ்தாவரத்தில் ஒரு பங்கை வாங்குகிறார். ஓராண்டுக்கு மேற்பட்ட ஸ்தாவரக் குத்தகை எழுத்தில் அமையுமானால் அது பதிவு பெற்றாக வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சர்க்கரையன்று. மத்திய மாகாணத்து ஜமீன்தார் ஒருவர் 1948-இல் தம் காட்டிலுள்ள மரங்களையெல்லாம் பன்னிரண்டு வருஷம் வெட்டிக்கொள்ளும் உரிமையை 26,000 ரூபாய்க்குத் தம் மனைவிக்கே எழுதிக் கொடுத்தார்; பதிவு செய்யவில்லை. பின்னர் ஜமீன் ஒழிப்பு வந்தது. அந்த அம்மையார் உச்ச நீதிமன்றம் வரையில் சென்று, 1958-இல் தோற்றார். சாந்தாபாய் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் சொல்லும் அவ்வழக்கில் நீதிபதி விவியன் போஸ், விரைவில் வெட்டுவதற்கென்று நிற்கும் மரம் வேறு, இன்னும் பல்லாண்டு மண்ணின் சத்தை உறிஞ்சி வளரப்போகும் மரம் வேறு என்று அழகாகப் பிரித்துக் காட்டினார். இலவத்துக்கு இன்னும் நெருங்கியது பீடி இலை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பீடி இலை பறிக்கும் ஒப்பந்தத்தைச் சரக்கு விற்பனையாகவே கருதிய அதே நீதிமன்றம், 1959-இல் மகாதேவ் வழக்கில், பல வருஷங்கள் காட்டில் நுழைந்து இலையைச் சேகரிக்கும் உரிமை நிலத்தின் பலனே என்றும், அதற்குப் பதிவு அவசியம் என்றும் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமே இருவகையாகப் பார்த்த விஷயத்தில், முத்திரைத்தாள் எழுதிக் கொடுத்தவரை மாத்திரம் குறை கூறுவதற்கில்லை.

மூன்றாவது வருஷத்தில் தோப்புக்காரர் காலமாகி, அவருடைய வாரிசுகள் தோப்பை வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டால் என்ன ஆகும்? புதிதாக வாங்கியவர் வேலியை அடைத்துவிடுகிறார். குத்தகைதாரர் தம் தாளை நீட்டினால், அதை உரிமைக்குச் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. பணம் கைமாறியது போன்ற துணைவிஷயங்களுக்கு மட்டுமே அது பயன்படும். மிச்ச வருஷங்களுக்குரிய தொகையைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கும் காலவரையறை பொதுவாக மூன்று வருஷந்தான். இலவு காத்த கிளிக்கு இரக்கப்படுகிறோம். கிளியாவது முன்பணம் கொடுக்கவில்லை.

பதிவு செய்தாலும் தீராத சங்கடம் ஒன்று வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் உண்டு. கண்டமனூர் ஜமீனின் ஆட்சியிலிருந்து சர்க்கார் வசமான மலைச்சரிவுகளில், தலைமுறைகளாக அனுபோகம் இருந்தும் பட்டா இல்லாத தோப்புகள் பல. தமக்கில்லாத பாத்தியதையை ஒருவர் பிறருக்குக் கொடுக்க இயலாது. சார்பதிவாளரின் முத்திரையும் அதை உண்டாக்காது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சாகுபடியுரிமை பெற்றவர்களுக்கும் அது மக்கள்வழி இறங்குமேயன்றி, விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பின், தோப்பின் எல்லைக்கல் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற கேள்விக்கு முன்னைவிடக் கனம் கூடியிருக்கிறது. ஆதலால் குத்தகை பேசுமுன் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

இவ்வளவும் நிலத்தையும் பணத்தையும் பற்றியது. இனி, மரமேறிக் காய் பறிக்கும் கூலியாளைப் பற்றி. இலவங்கிளை மெல்லியது, தொரட்டியோடு உச்சிக்கு ஏறுகிறவரின் பாரம் தாங்காமல் முறியக்கூடும். விழுந்தவரைக் கூலிக்கு அழைத்து வந்தவர் மேஸ்திரி. மேஸ்திரிக்கு வேலை கொடுத்தவர் குத்தகைதாரர். ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுவது வழக்கம். 1923-இல் பிறந்து, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடரும் கொள்கை இந்தச் சுட்டலுக்கு இடம் தருவதில்லை: தம் தொழிலின் பகுதியான வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தவரே முதலில் நஷ்டஈடு கொடுத்துவிட்டுப் பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். விழுந்தவர் இறந்துவிட்டாலோ, அவருடைய மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணி ஒன்றால் பெருக்கித் தொகை கணக்கிடப்படும். முதலாளி பிழை செய்தார் என்று குடும்பத்தார் நிரூபிக்க வேண்டியதில்லை. இறந்தவர் அந்த வேலையைச் செய்தார் என்பதும், என்ன சம்பளம் வாங்கினார் என்பதுமே அவர்கள் முக்கியமாக நிரூபிக்க வேண்டியவை. அந்த இரண்டையும் காட்டக்கூடிய ஒரே காகிதம், பெரும்பாலும், மேஸ்திரியின் சட்டைப்பையிலிருக்கும் கூலி நோட்டு.