இறுக்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

தேனியிலிருந்து குமுளிக்குப் போகும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், வீரபாண்டியைத் தாண்டி லோடு லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் வாழைத்தாரும் காய்கறியும் கேரளச் சந்தைக்குப் போகிற வழி இது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரைக்கும் பிரேக்குக்குப் பெரிய வேலை கிடையாது. வேகத்தடையிலும் கடைவீதிக் கூட்டத்திலும் லேசாக மிதித்தால் போதும். பிறகு குமுளிக்கு ஏற்றம். அங்கேயும் பிரேக்கின் யோக்கியதை வெளியே தெரியாது. பீர்மேட்டைக் கடந்து, குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்கும்போதுதான் முழு லோடோடு அதற்குச் சோதனை வருகிறது. ஆனால் பிரேக் நன்றாக இருக்கிறது என்ற முடிவைப் பள்ளத்தாக்கின் சமதளத்தில், காலடி உணர்வை மட்டும் வைத்து எடுத்துவிடுகிறோம். அந்த உணர்வு மலைக்குப் போதாது என்பதும், குறை தெரிந்தவுடன் ஸ்பேனரை எடுத்து ‘டைட்’ வைக்கும் பழக்கம் பழுதை இன்னும் ஆழமாக மறைத்துவிடுகிறது என்பதும் என் வாதம்.

லாரியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பிரேக் சேம்பர் உண்டு. மிதியை அழுத்தினால் காற்று அதற்குள் புகுந்து ஒரு ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ளும். டயாஃப்ரம் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடின் நுனியில் கோத்திருக்கும் நெம்புகோல்தான் ஸ்லாக் அட்ஜஸ்டர். அது எஸ் கேம் தண்டைத் திருப்ப, கேம் இரண்டு ஷூக்களையும் விரித்து லைனிங்கை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். புஷ் ராடு வெளியே வரவேண்டிய தூரமும் கூடும். அட்ஜஸ்டருக்குள் இருக்கும் வார்ம் கியர், கேம் தண்டைச் சிறிது திருப்பி வைத்து இந்த இடைவெளியை மீண்டும் குறைக்கிறது. பரவலாகப் பயன்படும் டைப் 30 சேம்பரில் புஷ் ராடு மொத்தமே சுமார் 64 மில்லிமீட்டர்தான் வெளியே வர முடியும். அதில் 51 மில்லிமீட்டரைத் தாண்டினால் அட்ஜஸ்ட்மென்ட் போய்விட்டது என்பது அமெரிக்கச் சாலைச் சோதனை விதி. கடைசிப் பகுதியில் டயாஃப்ரத்தின் தள்ளுவிசை மளமளவென்று குறைந்துவிடும். 64-ஐத் தொட்டுவிட்டால் எவ்வளவு காற்றை ஏற்றினாலும் ஷூவுக்கு எதுவும் போய்ச் சேராது.

இனி வெப்பத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2018-இல் அச்சுச் சுமை வரம்பு உயர்த்தப்பட்டபோது மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 28.5 டன் ஆனது. அந்த எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 78 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நம் வீடுகளுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் முக்கால் பங்குக்கும் மேல். இதில் ஒரு பகுதியை டயரின் உராய்வும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், தாங்காததெல்லாம் டிரம்முக்குப் போகும். ஏறக்குறைய 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால், அதன் விட்டம் 1.3 மில்லிமீட்டர் அளவுக்கு விரிகிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஷூ நகரும் தூரத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் புஷ் ராடு நகர வேண்டும் என்பதால், இந்த விரிவுக்காக மட்டும் ராடு கூடுதலாக 10 மில்லிமீட்டர் வரை வெளியே வரவேண்டியிருக்கும். ஆறிய டிரம்மில் 38 மில்லிமீட்டரில் பிடித்த பிரேக், சூட்டில் 48-இல் பிடிக்கும், கவலையில்லை. ஆறிய நிலையிலேயே 51-இல் நின்றது சூட்டில் 61-க்குப் போய்விடும். மிச்சம் 3 மில்லிமீட்டர். விசையோ ஏற்கெனவே சரிந்த இடம். இதோடு சூட்டில் லைனிங்கின் பிடிப்பும் குறையும். சமதளத்தில் இந்த ஆபத்து தெரியாததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. லேசான மிதியில் காற்றழுத்தம் குறைவு, டிரம்மும் குளிர்ந்திருக்கும், ராடு அதன் எல்லைக்குப் பக்கத்திலேயே போகாது. வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே கச்சிதமாக நின்ற லாரி, முண்டக்கயத்துக்கு இறங்கும் வழியில் பெருவந்தானத்துக்கு மேலேயும் நிற்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பழைய லாரிகளில் அட்ஜஸ்டரைக் கையால்தான் திருப்ப வேண்டும். சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1962-இல் தொடங்கி, ஏர் பிரேக் இங்கே பரவிய காலத்திலிருந்து பல தலைமுறை டிரைவர்களும் கிளீனர்களும் வண்டிக்கடியில் படுத்து, ஷூ டிரம்மைத் தொடும்வரை நட்டைத் திருகி, பிறகு கொஞ்சம் பின்னுக்கு விட்டுத்தான் பழகினார்கள். அன்றைக்கு அது சரியான வேலை. செய்யாமல் விட்டவர்தான் தவறியவர். இன்று வரும் புதிய கனரக லாரிகளிலோ ஆட்டோ அட்ஜஸ்டர் இருக்கிறது. அமெரிக்காவில் 1994 அக்டோபர் முதல் புதிய ஏர் பிரேக் வண்டிகளுக்கு இது கட்டாயம். கருவி மாறியும் பழைய பழக்கம் மாறவில்லை. ஆட்டோ அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் ராடு அதிகமாக வருகிறதென்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: அட்ஜஸ்டர் செத்திருக்கிறது, அல்லது அதைச் சுற்றியுள்ள ஏதோ தேய்ந்திருக்கிறது. கேம் புஷ்ஷிங், கிளெவிஸ் பின், ஷூ ரிட்டர்ன் ஸ்பிரிங், தளர்ந்த சேம்பர் பிராக்கெட், விட்டம் மீறிக் கடைந்த டிரம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஸ்பேனரால் திருகினால் அன்றைக்கு அளவு சரியாகும், காரணம் அப்படியே கிடக்கும். சில நாளில் ராடு மறுபடி நீளும், அதற்குள் வண்டி மலையில் இருக்கும். 2003 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் கிளென் ராக் என்ற ஊரில் இறக்கத்தில் ஒரு டிப்பர் பிரேக் பிடிக்காமல் கார்கள்மீது மோதியது. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006-இல் தந்த அறிக்கையில் விரல் வைத்த இடம் இதுதான்: ஆட்டோ அட்ஜஸ்டரைக் கையால் திருகுவது, உள்ளிருக்கும் பழுதைச் சரிசெய்யாமல் சரியானது போன்ற பொய் நம்பிக்கையைத் தருகிறது.

ஆட்டோ என்றாலே தொல்லை, தானாக இறுக்கி டிரம்மைச் சூடாக்கிவிடும் என்று சொல்லும் டிரைவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் புகாரில்லை. ஆட்டோ அட்ஜஸ்டரில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ராடு எவ்வளவு தூரம் வருகிறது என்பதை மட்டும் பார்த்து இறுக்குவது. டிரம் சூட்டில் விரிந்ததையும் லைனிங் தேய்ந்ததையும் அதனால் முழுமையாகப் பிரித்தறிய முடியாது. மலையில் இறுக்கிவிட்டு, டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூ உரசிக்கொண்டே ஓடும் வாய்ப்பு உண்டு. இன்னொன்று, ஷூ டிரம்மைத் தொடும் கணத்தை விசை மாற்றத்தால் உணர்ந்து, அதற்கு முந்தைய வெற்று இடைவெளியை மட்டும் சரிசெய்வது. தொட்ட பிறகு ஏற்படும் வளைவையும் நெளிவையும் அது கணக்கில் எடுப்பதில்லை. இந்த வகையில் அச்சோடு பிணைக்கப்பட்ட ஒரு கட்டுப்பாட்டுக் கை இருக்கும், அது தளர்ந்தால் எல்லாம் போச்சு. மலைச்சாலைக்கு எதை எடுப்பது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதைவிட முக்கியம், ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலக்காமல் இருப்பது. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அட்ஜஸ்டர் கையின் நீளத்தில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. ஐந்தரை அங்குலக் கைக்குப் பதில் ஆறு அங்குலக் கை போட்டால் கேமைத் திருப்பும் விசை ஒன்பது சதவீதம் கூடும். ‘நல்லா பிடிக்குது’ என்று டிரைவரும் சொல்வார். ஆனால் அதே இடைவெளியை அடைக்க ராடு ஒன்பது சதவீதம் அதிகம் நகர வேண்டும். மலையில் கைகொடுக்க வேண்டிய சேமிப்பிலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது. கம்பெனி கொடுத்த நீளம், அதே ஸ்ப்லைன் எண்ணிக்கை, இடது வலது பார்த்துப் பொருத்துவது என்ற மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. விலை குறைந்த சாமான் கிடைக்கிறதே என்ற வாதம் எனக்குப் புரிகிறது. கடன் தவணையில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு ஆயிரமும் கனம்தான். ஆனாலும் இது சீட் கவரைப் போலத் தள்ளிப்போடக் கூடிய செலவில்லை.

கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்குகிறவருக்கு அட்ஜஸ்டர் எதற்கு என்ற கேள்வி வலுவானது. உண்மையிலேயே மலையில் முதல் காவல் கியர்தான். நியூட்ரலில் விட்டவரை எந்த அட்ஜஸ்டரும் காப்பாற்றாது. ஆனால் கியர் மாறாமல் போகலாம், எதிரே பேருந்து வரலாம், வளைவில் கல் கிடக்கலாம். அந்த ஒரு மிதிக்கு முழு விசையும் கிடைக்க வேண்டும், அதுவும் சூடான டிரம்மில்.

பராமரிப்பு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சேம்பர் முகத்துக்கு நேரே ராடின்மேல் சாக்பீஸால் கோடு போட வேண்டும். டேங்கில் 6 முதல் 7 பார் காற்று இருக்கும்போது எஞ்சினை நிறுத்தி, ஒருவர் முழுதாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் ஸ்கேலால் கோடு நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் அளவையும் தேதியோடு எழுதி வைத்தால், எது மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்பது தானே தெரியும். கிளட்ச் உள்ள ஆட்டோ அட்ஜஸ்டரில் நட்டைப் பின்புறமாகத் திருப்பினால் கடகடவென்ற சத்தமும் நல்ல எதிர்ப்பும் வரவேண்டும். சுமார் 18 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்கிலேயே வழுக்கினால் அதன் கதை முடிந்தது, மாற்றத்தான் வேண்டும். கிரீஸ் அடிக்கும்போது மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கருப்புக் கிரீஸைத் தவிர்க்க வேண்டும். வேறு இடங்களில் நல்லதாக இருக்கும் அதே வழவழப்பு, இங்கே பிடித்து நிற்க வேண்டிய கிளட்சை வழுக்கவிடும்.

எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ்ச் சோதனையில் தேறிய வண்டிக்கு இதெல்லாம் தேவையா என்றும் கேட்பார்கள். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தச் சோதனை, அன்றைய தினம் குளிர்ந்த டிரம்மில் எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்கிறது. சூட்டில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பதை அது சொல்லாது. வட அமெரிக்காவில் சாலையோரச் சோதனையில் ராடின் தூரத்தையே அளக்கிறார்கள். வண்டியின் பிரேக்குகளில் 20 சதவீதம் வரம்பு மீறியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நம் எஃப்.சி. படிவத்திலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்து, அந்த மில்லிமீட்டரை எழுத வைக்கலாம். குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஏறும் வண்டிகளிலிருந்து அதைத் தொடங்கலாம்.