வெப்பத் தீவில் ஒரு குளிரோடை

சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும் சிங்கப்பூரில், தேக்காவின் அடுக்குமாடி வீடொன்றில் குளிர்நீர் ஓடை மீன்களை வளர்க்க விரும்புவோர் முதலில் எதிர்கொள்வது உயிர்வாயுக் குறைவையே. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வாயு கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். பாய்ந்தோடும் நீரில் பாறைகளைப் பற்றி வாழும், அயிரைக்கு உறவான மலையோடை மீன்களுக்கு இக்குறைவு தாங்கமுடியாதது.

நீண்ட தொட்டியின் ஒரு முனையில் பம்புகளையும் மறுமுனையில் ஸ்பாஞ்ச் மூடிய உறிஞ்சு வாய்களையும் அமைத்து, இரண்டையும் கூழாங்கற்களுக்கு அடியில் பிவிசி குழாய்களால் இணைத்தால், நீர் மேலே ஒரே திசையில் ஓடி, அடிவழியே திரும்பும். ஆனால் நீரில் மூழ்கிய பம்புகளே வெப்பத்தைக் கூட்டுகின்றன. மின்விசிறியால் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையோ இத்தீவின் ஈரக்காற்றில் முழுப்பயன் தருவதில்லை. ஆகவே, குளிர்பதனப்பெட்டியைப் போல இயங்கும் சில்லர் தேவைப்படுகிறது. அது வெளியேற்றும் வெப்பம் அறையிலேயே தங்காதபடி காற்றோட்டமும் வேண்டும்.

பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்நீரில் கிருமிநீக்கத்திற்காகக் கலக்கப்படும் குளோரமைன், சாதாரணக் குளோரினைப் போல நீரைத் திறந்துவைத்தால் எளிதில் அகலாது என்பதால், அதை முறிக்கும் மருந்தைத் தவறாமல் சேர்க்கவேண்டும்.

சில்லரின் மின்செலவை ஆண்டுதோறும் ஏற்க இயலாதவர்கள், குளிர்நீர் மீன்களை வாங்காதிருப்பதே அவ்வுயிர்களுக்குச் செய்யும் நன்மை.