ஒரே ஞாயிறில் கலைந்த நியமனம்: அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது யார்?

2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள நாக்ஸ்வில் நகரில் நண்பகலுக்குப் பிறகு ஒரு செய்தி கசிந்தது. டென்னசி பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவின் புதிய தலைமைப் பயிற்றுநராக கிரெக் ஷியானோ வரப்போகிறார் என்பதே அந்தச் செய்தி. பேச்சுவார்த்தை ஏறக்குறைய முடிந்திருந்தது. உடன்படிக்கையில் ஷியானோவும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கர்ரியும் கையொப்பமிட்டிருந்தார்கள். ஆனால் அன்று இரவுக்குள் எல்லாம் கலைந்துவிட்டது. கலைத்தவர்கள் ரசிகர்கள்.

நம் நாட்டு வாசகருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்றுநரை வேலைக்கு எடுப்பதில் ஊரே ஏன் தெருவுக்கு வரவேண்டும்? அதைப் புரிந்துகொள்ள, அங்கே கல்லூரிக் காற்பந்து என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர்கள் ‘காற்பந்து’ என்று சொல்வது நாம் ஆடுவதை அல்ல. முட்டை வடிவப் பந்தை எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஆட்டம் அது. கால் அதிகம் வேலை செய்வதில்லை. ஆடுபவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்தாம். ஆனால் பார்க்க வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் ஏறக்குறைய 85,000 பேர் அமரலாம். டென்னசி பல்கலைக்கழகத்தின் நேலண்ட் அரங்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். அது தேசியக் குழுவின் அரங்கம் அல்ல, ஒரு பல்கலைக்கழகத்தின் அரங்கம். டென்னசி மாநிலத்தில் 1990களின் பிற்பகுதி வரை தேசியத் தொழில்முறைப் போட்டியில் ஆடும் காற்பந்துக் குழுவே கிடையாது. அதனால் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த இந்த மாணவர் குழுதான் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறைக்கும் ‘நம்ம குழு’.

இந்தப் பாசத்தோடு பணமும் சேர்கிறது. டிக்கெட், தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை, பழைய மாணவர்களும் செல்வந்தர்களும் தரும் நன்கொடை என்று மில்லியன் கணக்கில் வருகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநரோ, மருத்துவக் கல்லூரி முதல்வரோ அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநர்தான். சம்பளத்தைவிட வியப்பானது, வேலையைவிட்டு அனுப்பும்போது கொடுக்கும் தொகை. ஒப்பந்தக் காலம் முடியும் முன் நீக்கினால் மீதிச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தாக வேண்டும். 2023இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்றுநரை நீக்கியபோது அவருக்குச் சேரவேண்டிய தொகை 75 மில்லியன் டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

ஆகவே தவறான ஆளை எடுத்தால் இரண்டு முறை செலவு: அவருக்குச் சம்பளம், பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பப் பணம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நன்கொடையாகத் தருகிற ரசிகர், ‘எனக்கும் கேட்க உரிமை உண்டு’ என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை.

மீண்டும் டென்னசிக்கு வருவோம். இக்குழு கடைசியாகத் தேசிய வெற்றியாளர் பட்டம் வென்றது 1998 பருவத்தில், ஃபில்லிப் ஃபுல்மர் பயிற்றுநராக இருந்தபோது. 2008இல் அவரை நீக்கினார்கள். அடுத்து வந்த லேன் கிஃப்பின் ஒரே ஒரு பருவம் இருந்துவிட்டு, 2010 ஜனவரியில் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். அன்றிரவு மாணவர்கள் வளாகத்தில் திரண்டு கலவரம் செய்தார்கள். ரசிகர்களின் ஞாபகசக்தியைக் குறைத்து எடைபோட வேண்டாம்: 2021இல் அவர் வேறொரு குழுவின் பயிற்றுநராக நேலண்ட் அரங்கத்துக்கு வந்தபோது, பார்வையாளர்கள் பக்கத்திலிருந்து தண்ணீர்ப் புட்டிகளும் ஒரு கோல்ஃப் பந்தும் ஒரு கடுகுச் சாற்றுப் புட்டியும் பறந்து வந்தன. ஆட்டம் சுமார் 20 நிமிடம் நின்றது.

கிஃப்பினுக்குப் பின் டெரெக் டூலி, அவருக்குப் பின் புட்ச் ஜோன்ஸ். 2017 பருவத்தில் குழு 8 ஆட்டங்களில் தோற்றது. அதன் நீண்ட வரலாற்றில் ஒரே பருவத்தில் எட்டுத் தோல்வி அதுவே முதல் தடவை. ஜோன்ஸ் நவம்பரில் நீக்கப்பட்டார்.

அப்போது ரசிகர்கள் மனத்தில் ஒரே பெயர்தான்: ஜான் குரூடன். தேசியத் தொழில்முறைப் போட்டியில் கிண்ணம் வென்றவர், இளவயதில் டென்னசியில் உதவியாளராக இருந்தவர், அவர் மனைவியும் அங்கே படித்தவர். பதவி காலியாகும் ஒவ்வொரு முறையும் ‘குரூடன் வருகிறார்’ என்ற வதந்தி கிளம்பும். நாக்ஸ்வில் உணவகம் ஒன்றில் அவரைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் போதும், ஊர் விழாக்கோலம் பூணும். அவர் வரவேயில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஓக்லாந்துத் தொழில்முறைக் குழுவுக்குப் போனார்.

குரூடனை எதிர்பார்த்திருந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் ஷியானோ. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 11 ஆண்டுகளில் அவர் பெற்றது 68 வெற்றி, 67 தோல்வி. வெறும் கணக்காகப் பார்த்தால் சாதாரணம். ஆனால் ரட்கர்ஸ் அதற்குமுன் எவ்வளவு மோசமாக இருந்தது என்று தெரிந்தவர்கள் அதைப் பெரிய வேலை என்பார்கள். தொழில்முறைக் குழு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் இருந்து நீக்கப்பட்டார். 2017இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தற்காப்புப் பகுதிக்குப் பொறுப்பாளர்.

எதிர்ப்பு இரண்டு விதமாக எழுந்தது. ஒன்று, ‘இவரா நமக்கு?’ என்கிற ஏமாற்றம். மற்றது கனமானது. 1990களில் ஷியானோ பென் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்றுநராக இருந்தார். அங்கே நீண்டகாலம் பணியாற்றிய ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2012இல் தண்டிக்கப்பட்டவர். 2016இல் வெளியான நீதிமன்ற ஆவணம் ஒன்றில், ஷியானோவுக்கு ஏதோ தெரிந்திருந்தது என்று ஒருவர் தம்மிடம் சொன்னதாக இன்னொருவர் சாட்சியம் அளித்திருந்தார். அதாவது கேட்டவர் சொன்னது. பார்த்தவர் சொன்னது அல்ல. அப்படித் தாம் சொல்லவேயில்லை என்று முதலாமவர் மறுத்தார். ஷியானோவும் திட்டவட்டமாக மறுத்தார். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவானதில்லை. அந்தப் பல்கலைக்கழகம் அமர்த்திய விசாரணையின் அறிக்கையிலும் அவர் பெயர் இல்லை.

இந்த வேறுபாடெல்லாம் அந்த ஞாயிறு மாலையில் யாருக்கும் தேவைப்படவில்லை. மாணவர்கள் வண்ணம் பூசிச் செய்தி எழுதும் பெரிய பாறை ஒன்று டென்னசி வளாகத்தில் உண்டு. அதில் ஷியானோவைக் குற்றவாளியாகவே குறிப்பிடும் வாசகம் எழுதப்பட்டது. அரங்கத்துக்கு வெளியே கூட்டம் கூடியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். இரவு நிர்வாகம் பின்வாங்கியது.

இதை எப்படிப் பார்ப்பது? சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை இலேசாக எடுக்கக்கூடாது என்று உண்மையாகவே கொதித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி; நிர்வாகம் முன்கூட்டியே பதில் தயாரித்திருக்க வேண்டிய கேள்வி. ஆனால் 68க்கு 67 என்ற கணக்கு பிடிக்காமல், கைக்கு எட்டிய பெரிய கல்லை எடுத்து எறிந்தவர்களும் இருந்தார்கள் என்பது என் எண்ணம். குரூடனே பென் மாநிலத்தில் வேலை பார்த்திருந்து, அவரைப் பற்றி இதே இரண்டாங்கைச் சாட்சியம் இருந்திருந்தால் பாறையில் என்ன எழுதியிருப்பார்கள்? இந்தக் கேள்வியை நாக்ஸ்வில் ரசிகர்களிடம் கேட்டால் அடி விழலாம்.

நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக ஒரு மனிதரின் பெயர் ஒரே மாலையில் நாடு முழுக்க நாறியது. ஆட்டத்தைவிடப் பெரிய இழப்பு அது.

அடுத்த ஐந்து நாள் கூத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்ரி வேறு பயிற்றுநர்களை நாடினார், ஒவ்வொருவராக நழுவினார்கள். மைக் லீச் என்பவரை லாஸ் ஏஞ்சல்ஸில் சந்தித்துவிட்டு வந்த கர்ரியை டிசம்பர் 1ஆம் தேதி பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது. பிறகு 2.5 மில்லியன் டாலர் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். அவர் நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? 2008இல் நீக்கிய அதே ஃபுல்மரை. ரசிகர்கள் குளிர்ந்தார்கள்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றும் கேட்கலாம். உயர்நிலைப்பள்ளி ஆட்டக்காரர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்று கையொப்பமிடும் நாள் முன்பு பிப்ரவரியில்தான் வரும். 2017இல் முதன்முறையாக டிசம்பரிலேயே ஒரு முன்கூட்டிய வாய்ப்பு அளிக்கப்பட்டது. பயிற்றுநர் இல்லாத குழுவில் எந்தப் பையனும் கையொப்பமிட மாட்டான். இரண்டு வாரம் தாமதித்தால் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கான குழுவே போய்விடும். நிதானமாக விசாரித்து ஆளெடுக்க நேரம் இல்லாத ஏற்பாடு இது. ரசிகர்கள் பதறுவதும் நிர்வாகம் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பதும் இதனால்தான்.

டிசம்பர் 7ஆம் தேதி ஜெரமி புரூயிட் நியமிக்கப்பட்டார். அந்தக் காலத்தில் யாராலும் எளிதில் வெல்ல முடியாத அலபாமா குழுவின் தற்காப்புப் பொறுப்பாளர் அவர். ‘நம் பக்கத்து ஆள், இந்த மண்ணின் ஆட்டம் தெரிந்தவர்’ என்று வரவேற்பு பலமாக இருந்தது. 2021 ஜனவரியில் அவரை நீக்கினார்கள். காரணம் தோல்வி மட்டுமல்ல. ஆட்டக்காரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் விதிமீறிப் பணமும் சலுகையும் கொடுத்திருந்தார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2023இல் தீர்ப்பு வழங்கியபோது 200க்கும் மேற்பட்ட மீறல்களைப் பட்டியலிட்டு, பல்கலைக்கழகத்துக்கு 8 மில்லியன் டாலருக்கும் மேல் அபராதம் விதித்தது. ஒழுக்கக் காரணம் காட்டி ஒருவரைத் தடுத்த ஊரில் நடந்தது இது.

அவருக்கு அடுத்து வந்த ஜோஷ் ஹைப்பலுக்கு வரவேற்பு மந்தம்தான். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து டென்னசியின் புதிய விளையாட்டு இயக்குநராக வந்த டேனி வைட், தம்மோடு வேலை பார்த்த பயிற்றுநரையே அழைத்துக்கொண்டார். ‘தேடவே இல்லையே, பக்கத்து அறையில் இருந்தவரைக் கூட்டி வந்துவிட்டாரே’ என்று முணுமுணுத்தார்கள். மத்திய ஃபுளோரிடாவில் அவருடைய மூன்று பருவங்களும் ஒவ்வொன்றாக இறங்குமுகமாகவும் இருந்தன. 2022 அக்டோபர் 15 அன்று அதே ஹைப்பலின் குழு அலபாமாவை 52-49 என்று வென்றது. 2006க்குப் பிறகு அலபாமாவுக்கு எதிராகக் கிடைத்த முதல் வெற்றி. ரசிகர்கள் திடலில் இறங்கிக் கோல் கம்பத்தைப் பிடுங்கி, தோளில் சுமந்துபோய் டென்னசி ஆற்றில் போட்டார்கள். புதுக் கம்பம் வாங்கப் பல்கலைக்கழகம் அதே ரசிகர்களிடம் நன்கொடை கேட்டது. கொடுத்தார்கள்!

எல்லாரும் ஒருமனதாக மகிழ்ந்த நியமனமும் உண்டு. டென்னசி கொந்தளித்த அதே நாள்களில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் ஸ்காட் ஃபிராஸ்டை நியமித்தது. அந்த மாநிலத்தில் பிறந்தவர், 1997இல் பட்டம் வென்ற குழுவில் ஆடியவர். மத்திய ஃபுளோரிடாவில் பயிற்றுநராக அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காதவர். எதிர்ப்புக் குரலே எழவில்லை. முடிவு 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பரில் நீக்கம். ஃபிராஸ்ட் காலிசெய்த மத்திய ஃபுளோரிடா நாற்காலியில்தான் ஹைப்பல் உட்கார்ந்தார், அங்கிருந்துதான் டென்னசிக்கு வந்தார்.

ஷியானோ என்ன ஆனார்? 2019 நவம்பரில் பழைய ரட்கர்ஸ் அவரைத் திரும்ப அழைத்தது. பேச்சுவார்த்தை பாதியில் முறிந்தது. இம்முறை ரசிகர்களும் நன்கொடையாளர்களும் ‘எங்களுக்கு ஷியானோதான் வேண்டும்’ என்று நிர்வாகத்தின்மேல் பாய்ந்தார்கள். ஒரு வாரத்தில் பேச்சு மறுபடி தொடங்கி, எட்டு ஆண்டு ஒப்பந்தம் கையொப்பமானது. 2024 டிசம்பரில் மத்திய ஃபுளோரிடாவும் காலியான தன் பதவிக்குப் பழைய ஆள் ஒருவரையே திரும்பக் கூப்பிட்டது. வந்தவர் ஸ்காட் ஃபிராஸ்ட்.